குரலுக்குப் பின்னால் இருந்த கைகள்

கேரன் கார்ப்பென்டரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு சொற்களைச் சுற்றியே நிற்கிறது. ஒன்று குரல், மற்றொன்று உடல். எழுபதுகளில் உலகெங்கும் வானொலிகளில் ஒலித்த, தாழ்ந்த சுருதியில் இதமாக இறங்கும் குரல். பட்டினியால் மெலிந்து 32 வயதில் நின்றுபோன உடல். இந்த இரண்டுக்கும் நடுவே அவருடைய கைகள் காணாமல் போய்விட்டன. அந்தக் கைகளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' பாடலை, ஆங்கிலப் பாடல்களில் அதிகம் பழக்கமில்லாதவர்களும் எங்காவது கேட்டிருப்பார்கள். 1973இல் வெளிவந்த 'நவ் அண்ட் தென்' இசைத்தட்டில் அது இடம்பெற்றது. அதைப் பாடியவர் கேரன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் டிரம்ஸ் வாசித்தவரும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. 'ஜம்பலாயா' என்ற ஒரு பாடலைத் தவிர அந்த இசைத்தட்டு முழுவதிலும் டிரம்ஸ் அவருடையது. முதுகலை வகுப்பில் இதை ஒருமுறை சொன்னேன். ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்ப பாடுனது யாரு மேடம்?" அவள் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. பாடுகிற பெண்ணும் வாத்தியம் வாசிக்கிற ஆளும் வேறுவேறு மனிதர்கள் என்றுதான் நம் காதுகள் பழக்கப்பட்டிருக்கின்றன. டிரம்ஸ் வாசித்தது ஒரு பெண் என்றால், பாடுவதற்கு இன்னொருத்தி வேண்டும்.

கேரன் 1950இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் பிறந்தார். 1963இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் டௌனி நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ரிச்சர்ட் பியானோவில் தேர்ந்தவர். வீட்டின் இசைக் கனவு முழுவதும் அவர்மேல்தான் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிப்பதற்காகவே கேரன் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் கொடுக்கப்பட்டது க்ளாக்கன்ஷ்பீல், அதாவது சிறு சுத்தியால் தட்டி வாசிக்கும் உலோகக் கட்டைகளின் வரிசை. மென்மையாக, மணிபோல ஒலிக்கும் வாத்தியம். பெண்ணுக்கு ஏற்றது என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். கேரனுக்கோ அது பிடிக்கவில்லை. வரிசையில் டிரம் வாசித்த பையன்களையே அவர் கவனித்துக்கொண்டிருந்தார். அவர்கள் செய்வதைத் தன்னாலும் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டில் இருந்த உயரமான ஸ்டூல்களை முன்னால் போட்டுக்கொண்டு, சீன உணவு உண்ணும் குச்சிகளால் தட்டிப் பழகினார். கூடவே ஓடிக்கொண்டிருந்தவை டேவ் புரூபெக் குழுவின் ஜாஸ் இசைத்தட்டுகள். நாலு நாலாக எண்ணும் வழக்கமான தாளத்தை விட்டு, ஐந்திலும் ஒன்பதிலும் எண்ணிக்கை ஓடும் இசைக்குப் பேர்போன குழு அது. அதில் டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோ அவருடைய ஆதர்சம். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எளிய தாளத்திலிருந்து தொடங்காமல், நம் சொல்லில் கண்ட நடையிலிருந்து தொடங்குகிறாள் என்பதைக் கவனியுங்கள். இது விளையாட்டாகச் செய்கிற காரியம் இல்லை. பெற்றோர் ஒரு டிரம் செட் வாங்கிக்கொடுத்தார்கள். 1966 ஜூனில் ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த இசைக்குழுக்களின் போட்டியில் ரிச்சர்ட் கார்ப்பென்டர் மூவர் குழு வென்றது. ரிச்சர்ட் பியானோ, நண்பர் வெஸ் ஜேக்கப்ஸ் பேஸும் டியூபாவும், பதினாறு வயதுக் கேரன் டிரம்ஸ். பொதுவெளியில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய அங்கீகாரம் குரலுக்கு அல்ல, தாளத்துக்கு.

1969இல் ஏ அண்ட் எம் நிறுவனம் அண்ணன் தங்கை இருவரையும் ஒப்பந்தம் செய்தது. கேரனுக்கு அப்போது 19 வயது. அந்த ஆண்டு வந்த 'ஆஃபரிங்' இசைத்தட்டில் டிரம்ஸ் முழுக்க அவரே. இரண்டு பாடல்களுக்கு அவர் பேஸ் கிட்டாரும் வாசித்தார். 'ஆல் ஆஃப் மை லைஃப்' என்ற பாடலில் குரல், டிரம்ஸ், பேஸ் மூன்றும் கேரன். மேலே ஓடும் ராகமும், கீழே அதைத் தாங்கும் அடித்தளமும், இரண்டையும் பிணைக்கும் லயமும் ஒரே பெண்ணிடமிருந்து வருகின்றன. அந்த இசைத்தட்டு பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'க்ளோஸ் டு யூ' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. அந்தப் பாடலின் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளெய்ன் என்ற ஸ்டூடியோ கலைஞர்.

இந்த இடத்தில் நிதானம் தேவை. பெண் என்பதால் பறித்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அன்றைய லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களின் இசைக்குழுக்களுக்கும் ஸ்டூடியோவில் இதுவே நடந்தது. பீச் பாய்ஸ் குழுவின் பல பதிவுகளில் டிரம்ஸ் வாசித்ததும் இதே ஹால் பிளெய்ன்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் வேறுபாடு இருக்கிறது. பீச் பாய்ஸின் டென்னிஸ் வில்சன் மேடையில் தொடர்ந்து டிரம்ஸ் பின்னால் உட்கார்ந்திருந்தார், உலகம் அவரை டிரம்ஸ் கலைஞர் என்றே அழைத்தது. கேரனை மேடையிலும் எழுந்து வரச் சொன்னார்கள்.

அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சுமார் ஐந்தடி நான்கு அங்குல உயரம், முன்னால் டிரம்களும் சிம்பல்களும். பாடகி எங்கே என்று பார்வையாளர்கள் தேடுகிறார்கள், காதல் பாட்டைப் பாடுகிறவளின் முகம் தெரிய வேண்டாமா என்று விமர்சகர்கள் எழுதினார்கள், நிர்வாகிகள் வற்புறுத்தினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மேடைக்கென்று வேறொரு டிரம்ஸ் கலைஞர் அமர்த்தப்பட்டார். கேரன் ஒலிவாங்கியுடன் முன்னால் வந்து நின்றார். வேகமான சில பாடல்களுக்கு மட்டும் பின்னால் போய் உட்கார அனுமதி. தன்னைப் பாடவும் செய்கிற டிரம்ஸ் கலைஞராகவே கருதியவர் அவர். அந்தத் தன்னறிவு அவருடைய தொழிலுக்கு இடைஞ்சலாகப் பார்க்கப்பட்டது.

'கண்ணுக்குத் தெரியவில்லை' என்ற வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டிரம்ஸ் வாசிக்கும்போது அவருடைய கைகள் தெரிந்தன, தோள்கள் தெரிந்தன, தலையின் அசைவு தெரிந்தது. ஒரு மனுஷி வேலை செய்வது தெரிந்தது. தெரியாமல் போனது இடுப்பும் காலும் உடையும்தான். அப்படியென்றால் அவர்கள் தேடியது எதை?

நம் இலக்கியத்தில் இதற்கொரு பழைய சாட்சி உண்டு. பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் யாழின் வருணனை வருகிறது. அதன் ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிவந்து, அலங்கரித்த மணப்பெண்ணைப் போல யாழ் இருக்கிறது என்று புலவர் முடிக்கிறார். அதைத் தொட்டடுத்துப் பாடினி வருகிறாள். அவளுக்குக் கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை கேசாதிபாத வருணனை. நெற்றி, புருவம், கண், வாய், பல், கழுத்து என்று இறங்கிக்கொண்டே போகிறது. கருவி பெண்ணாகிறது, பெண் பார்க்கப்படும் பொருளாகிறாள். அவள் என்ன பாடினாள், எப்படிப் பாடினாள் என்பதற்குக் கிடைக்கும் இடம், அவள் எப்படி இருந்தாள் என்பதற்குக் கிடைக்கும் இடத்தின் பக்கத்தில்கூட வராது. பத்துப்பாட்டை நான் நேசிக்கிறேன், ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். பாடினியைக் கருவிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுக் கருவியின் இடத்தில் வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வை, ஹாலிவுட் மேடைவரை வந்திருப்பதையும் சேர்த்தே நடத்துகிறேன்.

குரல் என்பது ஒரு வரம், கொடை, இயற்கை. வாத்தியம் என்பது பயிற்சி, அறிவு, உழைப்பு. இந்தப் பிரிவினை இசையுலகில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பெண்ணுக்கு இயற்கையை ஒதுக்கிவிட்டு ஆணுக்குக் கலையை ஒதுக்குவதன் இன்னொரு வடிவம் அது. 'கடவுள் கொடுத்த குரல்' என்று ஒரு பாடகியைப் புகழும்போது, அவருடைய பத்து வருடச் சாதகம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகிறது. தாளத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு வேறு கணக்கில் ஓட வேண்டுமானால் உட்கார்ந்து பழகித்தான் ஆக வேண்டும். அது யாரும் கொடுத்த வரம் அல்ல. கேரன் டிரம்ஸை விட்டு நகர்ந்தபோது, தான் உழைத்துப் பெற்றதிலிருந்து, தனக்கு 'வாய்த்ததாக' மற்றவர்கள் சொன்ன ஒன்றை நோக்கி நகர்த்தப்பட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கவிதை எழுதுகிற பெண்களுக்கு இது அந்நியமான அனுபவம் அல்ல. எங்கள் தொகுப்புகளுக்கு வருகிற மதிப்புரைகளில் திரும்பத் திரும்ப வருகிற சொல் 'குரல்'. பெண்ணின் குரல், வலியின் குரல், அடக்கப்பட்டதன் குரல். பாராட்டாகவே சொல்கிறார்கள். ஆனால் வரியை எங்கே முறித்தாள், ஏன் அந்தச் சொல்லை அங்கே வைத்தாள், ஓசையை எப்படிக் கட்டினாள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விகள் ஆண் கவிஞர்களுக்குக் கேட்கப்படுகின்றன. கேரனின் டிரம்ஸ் மறக்கப்பட்டதைப் படிக்கும்போது எனக்கு வந்த கோபத்தில் ஒரு பங்கு இங்கிருந்து வந்தது.

குரலாக மட்டும் கேட்கப்படுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாடுவதெல்லாம் வாக்குமூலம் ஆகிவிடும். கானல்வரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறியவள் மாதவி. யாழ் ஆசிரியர், குழல் ஆசிரியர், தண்ணுமை ஆசிரியர் என்று அவளைச் சூழ்ந்து நிற்கும் ஆண்களின் இலக்கணத்தை எல்லாம் இளங்கோ விரிவாகச் சொல்கிறார். கடற்கரையில் யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் வேறொருத்தியை நினைத்தவன்போலப் பாடுகிறான். பிறகு யாழ் அவள் கைக்கு வருகிறது. அவளும் அதே மரபில் பாடுகிறாள். அவன் அதைக் கலையாகக் கேட்கவில்லை, இவள் வேறொருவன்மேல் மனம் வைத்துவிட்டாள் என்று எழுந்து போகிறான். அவன் பாடியது பாட்டு, அவள் பாடியது சாட்சியம். யாழ் வாசித்த விரல்களின் தேர்ச்சி அந்த நொடியில் அவன் காதில் விழவே இல்லை.

கேரனின் பாடல்களும் இன்று பெரும்பாலும் இப்படித்தான் கேட்கப்படுகின்றன. அனோரெக்சியா நெர்வோசா என்ற உண்ணாமை நோயால் அவர் பல ஆண்டுகள் அவதிப்பட்டார். 1975இல் பிரிட்டன், ஜப்பான் பயணங்களை ரத்துசெய்ய வேண்டிய அளவுக்கு உடல் தளர்ந்திருந்தார். 1983 பிப்ரவரி 4 அன்று இதயம் நின்றது. அந்த நோயைப் பற்றி உலகம் பொதுவில் பேசத் தொடங்கியதற்கு அவருடைய மரணம் ஒரு காரணம். அந்தப் பேச்சு பெண்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு சோகப் பாட்டும் நோயின் முன்னறிவிப்பாகக் கேட்கப்பட்டது. இத்தனைக்கும் அந்தப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை மற்றவர்கள் எழுதியவை. 1987இல் டாட் ஹேன்ஸ் 'சூப்பர்ஸ்டார்' என்ற படத்தில் பார்பி பொம்மைகளை வைத்துக் கேரனின் கதையைச் சொன்னார். குடும்பமும் இசை நிறுவனமும் ஊடகமும் ஒரு பெண் உடலை எப்படிச் செதுக்கின என்பதைக் கூர்மையாகக் காட்டிய படம். ரிச்சர்ட் வழக்குத் தொடுத்ததால் அது திரையிடலிலிருந்து விலக்கப்பட்டது. பெண்ணியக் கல்விப்புலத்தில் அதிகம் பேசப்பட்ட அந்தப் படத்தின் வலிமையை மதிக்கிறேன். ஆனாலும் பொம்மையின் கை தாளம் தட்டாது. பாதிக்கப்பட்டவளாக மட்டும் கேரனை நினைவுகொள்ளும்போது, பெண்ணியர்களாகிய நாமும் அவரைக் குரலும் உடலுமாகவே மிச்சம் வைக்கிறோம்.

டிரம்ஸிலிருந்து எழுப்பியதால்தான் நோய் வந்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கம் அவரிடம் பதின்வயதிலேயே, புகழுக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஒரு நோய்க்குப் பல வேர்கள் இருக்கும். நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: டிரம்ஸ் பின்னால் இருந்தபோது அவருடைய உடல் ஒரு வேலையைச் செய்கிற உடலாக இருந்தது, அதற்கு வலிமை தேவைப்பட்டது. முன்னால் வந்தபோது அது பார்க்கப்படுகிற உடலாக மாறியது, அதற்கு மெலிவு தேவைப்பட்டது. இந்த இரண்டு தேவைகளும் ஒரு பெண்ணிடம் எதிரெதிர்த் திசைகளில் கேட்பவை.

1976 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கார்ப்பென்டர்ஸின் முதல் சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதில் கேரன் ஒரு தாள வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிமாறி வாசித்துக்கொண்டே போகும் பகுதி இருக்கிறது. மாணவியருக்கு நான் போட்டுக்காட்டுவது அதைத்தான். அவர் முகத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். மெல்லிய காதல் பாட்டு பாடும்போது இருக்கிற அடக்கம் அதில் இல்லை. சிரிக்கிறார், குறும்பாகத் தலையாட்டுகிறார், ஓர் அடியும் தவறுவதில்லை. ஆனால் அந்தக் காட்சி அமைக்கப்பட்ட விதத்தையும் கவனிக்கச் சொல்வேன். பாடகிக்கு இதுவும் தெரியும் பாருங்கள் என்று காட்டும் வித்தைபோல அது வைக்கப்பட்டிருக்கிறது. வேலையாக இருந்தது வேடிக்கையாகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரு பிரபல அமெரிக்க ஆண்கள் இதழின் வாசகர் வாக்கெடுப்பில் அவர் சிறந்த ராக் டிரம்ஸ் கலைஞராகத் தேர்வாகியிருந்தார். வாசகர்களுக்குத் தெரிந்தது நிர்வாகிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்தக் காலத்து மேடைகளில் 'லீட் சிஸ்டர்' என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு அவர் டிரம்ஸ் வாசித்ததுண்டு. ஜப்பானில் 'லீட் சிங்கர்' என்று வர வேண்டியது தவறாக 'லீட் சிஸ்டர்' என்று அச்சாகிவிட, அதை ரசித்து அவர் பனியனில் எழுதிக்கொண்டார். முதன்மைப் பாடகி என்பதற்குப் பதில் முதன்மைத் தங்கை. தன் நிலைமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பகடியை நான் வேறெங்கும் படித்ததில்லை. 2023இல் லூசி ஓ'பிரையன் கேரனைப் பற்றி எழுதிய நூலுக்கு அதுவே தலைப்பு ஆனது.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. அரீத்தா ஃபிராங்க்ளின் பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் பெரிய வெற்றி இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார். 1967இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு வந்தபோது தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரைப் பியானோ முன்னால் உட்காரவைத்துப் பதிவு செய்தார். பாட்டின் போக்கை அவருடைய விரல்களே தீர்மானித்தன. அதன் பிறகுதான் நாம் அறிந்த அரீத்தா வெளிப்பட்டார். வாத்தியம் குரலை மறைக்கவில்லை, அதற்கு அதிகாரம் கொடுத்தது. பியானோவுக்குக் கிடைத்த இந்த இடம் டிரம்ஸுக்குக் கிடைப்பது கடினம் என்பதும் உண்மை. தாளக் கருவி எங்கும் ஆணின் கோட்டையாகவே காக்கப்படுகிறது. நம் ஊரில் மிருதங்கம் வாசித்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால், பெண் என்பதாலேயே கச்சேரிகளில் தவிர்க்கப்பட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தபோது, சாதியும் பாலினமும் இரட்டைக் கதவாக நின்றன. கேரனின் வெள்ளை நடுத்தர வர்க்க வாழ்க்கையோடு இவர்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அடிக்கிற கை பெண்ணுடையதாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ரிச்சர்டின் பங்கைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பாடல்களின் இசைக்கோர்ப்பு அவருடையது, அது தேர்ந்த வேலை. கோரஸ் என்று நாம் கேட்பது பெரும்பாலும் அண்ணனும் தங்கையும் தங்கள் குரல்களையே மீண்டும் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து அடுக்கியது. ஒரே நொடியில் தன்னோடு தானே துல்லியமாகச் சேர்ந்து பாட வேண்டுமானால் அசையாத லயம் வேண்டும். கேரனுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதை இப்போது நாம் ஊகிக்கலாம். அவருடைய பாட்டில் சொற்கள் தாளத்தின் மேல் சரியாக விழாமல் ஒரு மயிரிழை தாமதித்து விழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஏக்கம் என்று நாம் உணர்வது அந்தத் தாமதத்தைத்தான். அதை மனதின் வலி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது தாளம் தெரிந்தவளின் தீர்மானமாகவே கேட்கிறது. அடி எங்கே விழும் என்று உறுதியாகத் தெரிந்தவளால்தான் அதைவிட்டு இவ்வளவு துணிவாகத் தள்ளி நிற்க முடியும்.

ஆகவே குரலையும் வாத்தியத்தையும் இரண்டு துறைகளாகப் பிரித்து, ஒன்றை முதன்மை என்றும் மற்றதை அதிகம் அறியப்படாத கூடுதல் திறமை என்றும் எழுதுகிற வழக்கத்தையே நாம் கேள்வி கேட்க வேண்டும். கேரனிடம் டிரம்ஸ் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. குரல் அதிலிருந்துதான் வந்தது. அடுத்த முறை 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' எங்காவது ஒலித்தால், முதலில் பாட்டை விட்டுவிட்டு அதன் கீழே ஓடும் தாளத்தை மட்டும் கேளுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த மூன்று நான்கு நிமிடங்களுக்கு, யாரும் எழுந்து வரச் சொல்லாத இடத்தில், ஒரு பெண் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள்.